திரையில் படித்தவை, கையில் நிலுவையானவை: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியவை: கொவிட்-19 காலத்தில் வீட்டிலிருந்தபடியே மருத்துவமும் தாதியமும் சித்த மருத்துவமும் படித்தது. 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டபோது தொடங்கிய பழக்கம் இன்னும் முற்றாக விடவில்லை. 2022இல் எரிபொருள் கிடைக்காத நாட்களிலும் வகுப்புகள் சூமுக்குத்தான் திரும்பின. அடுத்த முறைக்கும் உதவட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறோம். பதில் தருபவர்கள் இந்தத் துறைகளில் கற்பிப்பவர்கள்.

கிண்ணியா வாசகர்: கொவிட் காலத்தில் சூமில் படித்து வந்த தாதியிடம் நம்பி ஊசி போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. இந்தக் கற்கைகளில் விரிவுரை வேறு, வைத்தியசாலைப் பயிற்சி வேறு. சூமில் நடந்தது முதலாவது. இரண்டாவதை ஒத்திவைத்தார்கள், பிறகு நெருக்கி நடத்தினார்கள். பயிற்சியே இல்லாமல் யாரும் சீருடை போட்டு வரவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. முதல் வருடத்திலேயே வார்டில் நின்று பழகவேண்டியவை பிந்திப் போயின: கட்டிலிலிருந்து நோயாளியைத் தூக்கி இருத்துவது, அவரோடு பேச்சுக் கொடுப்பது, பக்கத்துக் கட்டிலில் நடப்பதை ஓரக்கண்ணால் கவனிப்பது. ஊசி போடுவது சில கிழமைகளில் கைவந்துவிடும். “ஒன்றுமில்லை மிஸ்” என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று ஊகிப்பது, நின்று நின்றே வரும்.

இணையத்தில் படிக்கும் மாணவர்களுக்கு எங்கள் ஒரே பிடிவாதம்: ஒரு நிலுவைக் கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு செய்முறைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: பார்த்தது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது. சூமில் பார்த்தவுடன் முதல் கட்டத்தில் மட்டும் திகதி போடுங்கள். வார்டுக்குப் போன முதல் நாளே கொப்பியைப் பொறுப்பாளரிடம் காட்டி, “எனக்கு இவை நிலுவை” என்று கேளுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்கள்தான் பிறகு இரவுக் கடமையில் தனியாக நின்று தடுமாறினார்கள்.

புல்மோட்டையிலிருந்து மருத்துவ மாணவர்: எங்கள் பக்கம் சிக்னல் இரண்டு கோடுதான். வகுப்பு பாதியில் அறுந்துவிடுகிறது, டேட்டாவும் மாத நடுவிலேயே முடிந்துபோகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சூமில் குரலுக்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், ஸ்லைட் பகிர்வுக்கு 50 முதல் 75. இரண்டும் சேர்ந்து உச்சமாக மணிக்கு ஏறத்தாழ 70 எம்.பி. எல்லோரும் கமராவைத் திறந்து வைத்தால், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து மணிக்கு 500 எம்.பி.க்கும் மேலே போகும். டேட்டாவைத் தின்பது முகங்கள்தான். உங்கள் கமராவை மூடினால் ஏற்றம் மட்டுமே குறையும். மற்றவர்களின் முகங்கள் வந்துகொண்டே இருக்கும். அதற்கு ‘ஸ்டொப் இன்கமிங் வீடியோ’ என்ற தெரிவையும் அழுத்தவேண்டும். ஸ்லைடுகளை முதல் நாளே கேட்டு வாங்கி வைத்தால், படம் உறைந்துபோனாலும் குரலைப் பிடித்துக்கொண்டு வகுப்பைத் தொடரலாம்.

சிக்னலுக்கு: போனை ஜன்னலோரம், தலைக்கு மேல் உயரத்தில், கோபுரம் இருக்கும் பக்கமாக வையுங்கள். லேப்டொப்போடு யூ.எஸ்.பி. வயரால் இணையுங்கள், ஹொட்ஸ்பொட்டைவிட அது நிலையானது, போனின் பற்றரியும் இறங்காது. தகரக் கூரையின் கீழ் நடு அறையில் இருந்துகொண்டு கம்பனியைத் திட்டிப் பயனில்லை. 4ஜிக்கும் கீழ்நிலைக்கும் போன் மாறி மாறித் தாவினால், நெட்வேர்க் செட்டிங்கில் 4ஜி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். கோடுகள் நிறைய இருந்தும் இழுபட்டால் கோபுரத்தில் நெரிசல் என்று அர்த்தம். முன்னிரவில் அது மோசமாக இருக்கும். வகுப்புப் பதிவுகளை விடியற்காலையில் இறக்குங்கள்.

இன்னொன்று. கொவிட் காலத்தில் ‘லேர்ன்’ எனும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பூடாக நடந்த சூம் வகுப்புகளுக்கும் பாடங்களை ஏற்றிவைக்கும் பல்கலைக்கழக எல்.எம்.எஸ். தளங்களுக்கும் டேட்டா கழியாத ஏற்பாடு இருந்தது. ஆனால் விரிவுரையாளர் யூரியூப் இணைப்பையோ கூகுள் ட்ரைவ் இணைப்பையோ அனுப்பினால் அது மாணவரின் சொந்தக் காசு. ‘இலவசம் என்றார்களே’ என்று பலர் ஏமாந்தது இங்கேதான். காணொளியை எல்.எம்.எஸ்.இலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

வகுப்புப் பிரதிநிதிக்கு ஒரு வேலை: பதிவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து, மோனோ, 32 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேர விரிவுரை ஏறத்தாழ 14 எம்.பி.க்குள் அடங்கும். ஸ்லைட் பி.டி.எஃப். உடன் சேர்த்து வட்ஸ்அப்பில் போடலாம். செய்முறை வகுப்புகளுக்கு இது உதவாது. கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாகவேண்டும்.

சீனக்குடா வாசகர்: கரண்ட் போனால் ரவுட்டரும் போகிறது. சின்ன யூ.பி.எஸ். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு. ‘அவுட்புட்’ என்ற வரியில் 12 வோல்ட், 1 அம்பியர் என்றோ 1.5 அம்பியர் என்றோ இருக்கும். யூ.பி.எஸ். வெளியே தரும் வோல்ட் அதே அளவாக இருக்கவேண்டும். அம்பியர் கூடினால் பாதகமில்லை, குறையக்கூடாது. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரவுட்டரே எரிந்துபோகலாம். பின்னின் நடுவில் நேரா மறையா என்ற வட்டக் குறியும் பொருந்தவேண்டும்.

பெட்டியில் 8,800 எம்.ஏ.எச். என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் அளவு. பெருக்கினால் 32 வாட்-மணி சொச்சம். மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். ரவுட்டர் 7 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும். செல்கள் சூட்டில் கெடும் என்பதால் ரவுட்டருக்கு மேலேயே ஏற்றி வைக்கவேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது கோபுரங்களின் பற்றரியே தீர்ந்தது. அப்படி ஒரு நாளில் வீட்டு யூ.பி.எஸ். எதுவும் செய்யாது.

மூதூரிலிருந்து முதலாம் வருட மாணவி: உயர்தரம் வரை தமிழில் படித்தேன். விரிவுரை ஆங்கிலத்தில். நேரில் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், சூமில் பாதி போய்விடுகிறது.

சிக்னல் பிரச்சினையைவிட இதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். இணைப்பு தளரும்போது சூம் முதலில் விழுங்குவது சொற்களின் ஓரங்களை. மருத்துவத்தில் உயிர் அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. ஹைப்பர்கலீமியா என்றால் இரத்தத்தில் பொட்டாசியம் கூட, ஹைப்போகலீமியா என்றால் குறைவு. குறைந்தவருக்குப் பொட்டாசியம் கொடுக்கவேண்டும். கூடியவருக்குக் கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் அறுந்த குரலில் ஒன்றாகவே கேட்கும். மில்லிகிராம், மைக்ரோகிராம் இடையே 1,000 மடங்கு.

ஆகவே ஒரு கட்டுப்பாடு: மருந்தின் பெயரையும் எண்ணையும் காதால் கேட்டு மட்டும் குறிப்பில் ஏற்றாதீர்கள். இடத்தை வெறுமையாக விட்டு ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஸ்லைடையோ பாடநூலையோ பார்த்து அன்றே நிரப்புங்கள். திரையின் அடியில் ஓடும் தானியங்கி எழுத்து சாதாரணப் பேச்சுக்குப் பரவாயில்லை. மருந்துப் பெயர்களில்தான் அது அதிகம் சறுக்கும், அங்கேதான் நீங்களும் அதை நம்பத் துடிப்பீர்கள்.

வகுப்புக்கு முன் 20 நிமிடம் எடுத்து, அந்தப் பாடத்தின் ஸ்லைடிலிருந்து தெரியாத 15 சொற்களைப் பொறுக்கிப் பொருள் பாருங்கள், உச்சரிப்பைக் கேளுங்கள். கண்ணால் தெரிந்த சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் மூன்று பேர் மட்டும் சேர்ந்து, ஒருவர் தமிழில் பாடத்தைச் சொல்ல, இன்னொருவர் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லட்டும். வாய்மொழிப் பரீட்சையில் திணறுவது பாடம் தெரியாமல் அல்ல, வாயால் சொல்லிப் பழகாததால். 30 பேர் கொண்ட வட்ஸ்அப் குழுவில் இது நடக்காது. அங்கே காலை வணக்கப் படங்கள்தான் வரும்.

தம்பலகாமத்திலிருந்து தாதிய மாணவி: செய்முறையில் எவற்றை வீட்டில் பழகலாம், எவற்றைக் கூடாது?

இரத்த அழுத்தம் பார்ப்பதை முழுமையாகப் பழகலாம். முள்ளால் அளவு காட்டும் அனிரொயிட் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தால் வீட்டார் எல்லோரும் உங்கள் நோயாளிகள். 5 நிமிடம் சாய்ந்து இருக்கவிடுங்கள், கால்கள் தரையில், பேச்சு வேண்டாம். கையை மேசையில் இதயத்தின் மட்டத்துக்கு வையுங்கள். கையில் சுற்றும் பட்டியின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே. முதலில் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக் காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு முழுவதும் இறக்குங்கள். சிறிது விட்டு, அந்த அளவுக்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்கியபடி கேளுங்கள்.

பிழை எங்கே வருகிறது? பெருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் அளவு கூடக் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றில் 80 வீதத்தைச் சுற்றவேண்டும். கை தொங்கினால் கூடும். அவசரமாகக் காற்றைத் திறந்துவிட்டால் முதல் சத்தம் தவறி மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் வரும். ஸ்டெதஸ்கோப்பின் தலையைப் பட்டிக்குள் செருகிவிடுவது எல்லோரும் செய்யும் சோம்பல். அதைச் சூமில் எந்த ஆசிரியரும் கவனிக்கமாட்டார், வார்டில் சிஸ்டர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சழுத்தம் பழக, இறுக்கமான இலவம்பஞ்சுத் தலையணையைத் தரையில் போடுங்கள், மெத்தையில் வேண்டாம். போனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவுசெய்து முழங்கை மடிகிறதா, தோள் கைக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்றால் 30 அழுத்தங்கள் 15 முதல் 18 விநாடிக்குள் முடியவேண்டும். பெரும்பாலோர் பதற்றத்தில் 12 விநாடியில் முடிக்கிறார்கள். வேகம் கூடினால் ஆழம் குறையும், நெஞ்சும் முழுதாக மேலெழும்பாது. வளர்ந்தவருக்கு வேண்டிய 5 முதல் 6 செ.மீ. ஆழத்தைத் தலையணை கற்றுத்தராது. அது நிலுவைக் கொப்பிக்கு.

தையல் பழகுவோர் வாழைப்பழத் தோலில் தொடங்குகிறார்கள். முடிச்சுப் பழக அது போதும். இழுத்தால் கிழிந்துவிடும் என்பதே அதன் நன்மை, எவ்வளவு இறுக்குகிறோம் என்று தெரியும். தோலோடு கூடிய கோழிக்கால் மனிதத் தோலுக்குக் கிட்டியது. ஊசியை நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடித்து, காயத்தின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. விட்டு, செங்குத்தாக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் ஓரங்கள் உட்பக்கம் மடிந்துகொள்ளும். கமரா மேலிருந்து பார்க்கவேண்டும், உங்கள் முகத்தை அல்ல. முடிந்ததும் கோழிக்காலைக் குழம்புக்குக் கொடுக்காமல் எறியுங்கள். ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது ஒப்படையுங்கள். குப்பைப் பையில் போட்டால் குத்துப்படுவது நகரசபை ஊழியரின் கை.

கூடாதவை: தம்பி தங்கைக்கு ஊசி குத்துவது, நாளத்தில் கனியுலா எனும் மெல்லிய குழாயை ஏற்றுவது, மூக்குக் குழாய் விடுவது. ‘சேலைன்தானே’ என்ற பேச்சே வேண்டாம்.

உவர்மலை மாணவர்: இதய ஒலிகளை விரிவுரையாளர் சூமில் போட்டுக்காட்டினார். எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்கு மட்டுமல்ல. சூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தாழ்ந்த, ஒரே சீரான ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். இதய ஒலிகளில் பெரும்பகுதி 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கர் அந்தத் தாழ்வைச் சரியாக எழுப்பாது. விரிவுரையாளர் தன் பக்கம் ‘ஒரிஜினல் சவுண்ட்’ தெரிவைப் போடவேண்டும். அதைவிட நல்லது ஒலிக்கோப்பை அனுப்பச் சொல்லி, காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்பது. பிறகு உங்கள் சொந்த நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கழுத்து நாடியில் விரலையும் வைத்துக் கேளுங்கள்: நாடி துடிப்பதற்குச் சற்று முன் வருவது முதல் ஒலி.

நிலாவெளி, கோணேசபுரிப் பக்கத்துச் சித்த மருத்துவ மாணவி: மூலிகை அடையாளமும் நாடிப் பரீட்சையும் திரையில் எப்படிப் படிப்பது?

மூலிகையில் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். மூடிய வளாகத்தைவிட உங்கள் வளவில் செடிகள் கூட இருக்கும். ஆசிரியருக்கு ஒரு படம் அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள், ஐந்து அனுப்புங்கள்: முழுச் செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், பூ அல்லது காய், தண்டும் வேரும். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் அடிமட்டம். வெள்ளைத் தாளின்மேல், நிழலில் எடுங்கள்.

கீழாநெல்லியையே பாருங்கள். வேலியோரம் ஒன்றாக முளைக்கும் இரண்டு செடிகள், பிலாந்தஸ் அமாரஸ், பிலாந்தஸ் யூரினேரியா, மேலிருந்து எடுத்த படத்தில் பிரித்தறிய முடியாதவை. கிளையைப் புரட்டுங்கள். காய் சிறு காம்பில் தொங்கி, வழுவழுப்பாக இருந்தால் அமாரஸ். காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக, தண்டில் செம்மை ஓடினால் யூரினேரியா. நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். இதை எந்த விரிவுரையும் நகத்துக்குச் சொல்லித்தராது.

செடியைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள், ஒரு இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி வையுங்கள். தாளை நாளுக்கு ஒரு முறை மாற்றினால் ஏழு முதல் பத்து நாளில் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் கடலோரக் காற்றில் அது பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த மாதங்களில் காலை, மாலை இரண்டு முறையும் மாற்றி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒட்டும் தாள் ஏ3 அளவு, வலக் கீழ் மூலையில் பெயர், குடும்பம், இடம், திகதி.

நாடி வேறு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை, மணிக்கட்டுக்கு மேலே பெருவிரல் பக்கம் மூன்று விரல்: ஆள்காட்டியில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். இவ்வளவையும் திரை சொல்லும். விரல் வைத்த இடத்தை ஆசிரியர் திருத்தவும் முடியும். அழுத்தத்தைத் திருத்த முடியாது. புதியவர்கள் ஓங்கி அழுத்தி நாடியை அடைத்துவிட்டு ‘நாடி மெலிவு’ என்று எழுதுகிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது, அதே ஆட்களை அதே விடியற்காலை நேரத்தில், வெறும் வயிற்றில் தினமும் பார்த்து எழுதுவது. அந்தக் கொப்பியோடு ஆசிரியர் முன் இருந்து, ஒரே கையில் இருவரும் மாறி மாறி விரல் வைக்கும்வரை ‘நாடி தெரியும்’ என்று சொல்லிக்கொள்ளவேண்டாம்.

வெருகலிலிருந்து ஒரு தாய்: மகள் கமராவை மூடிவிட்டு இருக்கிறாள். படிக்கிறாளா, தூங்குகிறாளா என்றே தெரியவில்லை.

அம்மா, கமரா மூடியிருப்பது டேட்டாவுக்காக இருக்கலாம், பின்னால் தெரியும் வீட்டுக்காகவும் இருக்கலாம். அதைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். வகுப்பு முடிந்ததும், “இன்றைக்கு என்ன சொன்னார்கள், எனக்கு விளங்கும்படி ஐந்து நிமிடம் சொல்லு பிள்ளை” என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் படித்திருக்கிறாள். வகுப்பு நேரத்தில் கடைக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் இருப்பதால் சும்மா இருப்பதாக நினைத்து வேலை சொல்வது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நடந்தது.

நகரிலிருந்து இறுதியாண்டு மாணவர்: வார்டில் எடுத்த புண்ணின் படத்தை, முகம் தெரியாமல், வகுப்புக் குழுவில் போடலாமா?

நோயாளியின் சம்மதமும் வார்டின் அனுமதியும் இல்லாமல் கூடாது. பச்சை குத்தியது, கட்டில் இலக்கம், பின்னால் தெரியும் பெட் ஹெட் டிக்கெட் எனும் நோயாளிக் குறிப்பு, எதுவும் ஆளைக் காட்டிவிடும். திருகோணமலை சின்ன ஊர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைக்குள் வருகிறது. அத்தோடு, படத்தை ‘டொகியூமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள்ளேயே போகும். சூமில் நோயாளியைக் காட்டும் வகுப்பைத் திரைப்பதிவு செய்வதும் இதே கணக்குத்தான்.

கந்தளாய் மாணவர்: ‘மூடில்’ எனும் எல்.எம்.எஸ். தளத்தில் பரீட்சை நடக்கும்போது இணைப்பு போனால்?

கடிகாரம் ஓடுவது சேர்வரில். உங்கள் திரை உறைந்தாலும் நேரம் நிற்காது. மூடில் வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு முறை விடையைத் தானாகச் சேமிக்கும், இணைப்பு இருந்தால் மட்டும். ‘நெட்வேர்க் கனெக்ஷன் லொஸ்ட்’ என்று வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள், ரிஃப்ரெஷும் செய்யாதீர்கள். அந்தப் பக்கத்தில் எழுதியது போய்விடும். அப்படியே விட்டு, போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறி, சேமிக்கப்பட்டதா என்று பார்த்துப் பிறகு நகருங்கள். நீண்ட விடைகளை அப்போதைக்கப்போது பிரதிசெய்து வேறொரு கோப்பில் ஒட்டி வையுங்கள். நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து, பரீட்சை நேரத்துக்குள்ளேயே பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். மறுநாள் அனுப்பும் படத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கையால் எழுதி ஏற்றவேண்டிய பரீட்சையில் 10 தாளைக் கமராவால் அப்படியே எடுத்தால் 30, 40 எம்.பி. ஆகும், கடைசி ஐந்து நிமிடத்தில் ஏறாது. ஸ்கேன் செயலியில் கறுப்பு–வெள்ளையாக எடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக்கினால் 2, 3 எம்.பி.யில் முடியும். நீல மைப் பேனை சில செயலிகளில் மங்கிப்போகும். கறுப்பில் எழுதுங்கள்.